கடலோர அணிக்கு ஒரு புகழ்க்கூடம்: பழைய கால்பந்து வீரர்களின் பெயரை நிலைக்க வைக்கும் வழி

ஓர் அணி தன் பழைய ஆட்டக்காரர்களுக்குப் புகழ்க்கூடம் அமைக்கலாம் என்று பேசத் தொடங்கினால், முதல் கூட்டத்திலேயே பேச்சு கல்வெட்டுக்குப் போய்விடும். கறுப்பு கிரானைட்டா, பித்தளையா, திறந்துவைக்க யாரைக் கூப்பிடுவது என்று. கல்லுக்கு முன்னால் காகிதம் வேண்டும். யாரைச் சேர்க்கலாம் என்ற விதி, சேர்த்ததற்கான ஆதாரம், பொருள் யாரிடமிருந்து வந்தது என்ற பதிவேடு. இந்த மூன்றும் இருந்தால் மன்றத்தின் ஒரு சுவரே போதும். இவை இல்லாமல் பளிங்கு மண்டபம் கட்டினாலும் இரண்டாம் வருஷமே "அவனைப் போட்டீர்களே, இவனை ஏன் போடவில்லை" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

புதிதாக இதில் இறங்குபவர்கள் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புகழ்க்கூடம் என்பது கோப்பை அலமாரி அல்ல. அலமாரியில் அணி வென்றது இருக்கும். புகழ்க்கூடத்தில் ஆள் இருப்பார். இடம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் கிரீன் பே பேக்கர்ஸ், அங்கே கையில் ஏந்தி ஆடும் ஃபுட்பாலில் ஒரு தொழில்முறை அணி. ஒரே அணிக்கென்று அமைந்த புகழ்க்கூடங்களில் அவர்களுடையது முன்னோடி. அது 1967-ல் ஓர் அரங்கத்தின் நடைவழியில் வைத்த காட்சிப் பொருள்களாகத்தான் ஆரம்பித்தது. தனிக் கட்டடம் 1976-ல் வந்தது, அணியின் சொந்த மைதானத்துக்குள் 2003-ல் போனது. நம் பக்கம் கொல்கத்தாவின் கால்பந்து அணி மோகன் பகான் 2001 முதல் ஆண்டுக்கு ஒருமுறை 'மோகன் பகான் ரத்னா' கொடுக்கிறது. முதலில் பெற்றவர் சைலன் மன்னா. கொடுக்கும் நாள் ஜூலை 29, அதாவது 1911-ல் அந்த அணி ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கால்பந்துக் கோப்பையை வென்ற நாள். பெரிய அணிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த மாதிரி ஒழுங்குதான். தேதி நிலையானது, விதி எழுத்தில் இருக்கிறது, ஆண்டுதோறும் நடக்கிறது.

விதி எழுதுவது

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அந்த ஒரு பக்கத்தைப் பெயர் எதுவும் பேசுவதற்கு முன்பே எழுதி, பொதுக்குழுவில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். பெயர் பேசிய பிறகு எழுதும் விதி, அந்தப் பெயருக்காக எழுதியதாகவே தோன்றும்.

முதல் சிக்கல் 'ஓய்வு' என்ற வார்த்தை. அமெரிக்காவின் கான்டனில் 1963 முதல் இருக்கும் தொழில்முறை ஃபுட்பால் புகழ்க்கூடத்தில், ஆட்டக்காரர் ஓய்வு பெற்று 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 2002-ல் தொடங்கிய இங்கிலாந்து கால்பந்து புகழ்க்கூடமோ, ஓய்வு பெற்றவர் அல்லது 30 வயது ஆனவர், இங்கிலாந்தில் குறைந்தது 5 ஆண்டு ஆடியவர் என்று வைத்தது. நம் ராமநாதபுரம் கரையில், தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் யாரும் ஓய்வை அறிவிப்பதில்லை. நாற்பத்தைந்து வயதிலும் திருவிழா மேட்ச்சில் பத்து நிமிஷம் இறங்குவார்கள். ஆகவே இப்படி எழுதுங்கள்: "அணியின் பெயரில் பதிவான டோர்னமெண்டில் கடைசியாக ஆடி 5 ஆண்டு கடந்திருக்க வேண்டும். வெட்டரன்ஸ் ஆட்டமும் கண்காட்சி ஆட்டமும் கணக்கில் வராது."

இரண்டாவது, எத்தனை சீசன். இந்தக் கரையில் நல்ல ஆட்டக்காரன் இருபத்திரண்டு வயதில் வளைகுடாவுக்கு விசா வந்ததும் போய்விடுவான். பத்து சீசன் என்று விதி வைத்தால் அணியின் சிறந்த ஃபார்வர்ட் வெளியே நிற்பார், சுமாராக ஆடிக்கொண்டு ஊரிலேயே இருந்தவர் உள்ளே வருவார். மூன்று சீசன் போதுமானது. மதுரையிலிருந்தோ கேரளத்திலிருந்தோ ஒரு டோர்னமெண்டுக்கு அழைத்துவந்த கெஸ்ட் பிளேயரை வடிகட்டவும் அதே மூன்று சீசன் உதவும்.

எழுவர் ஆட்டத்தையும் பதினொருவர் ஆட்டத்தையும் ஒன்றாகக் கணக்கிடலாமா என்பதில் ஊருக்கு ஊர் கருத்து மாறும். கணக்கிடலாம் என்பதே எங்கள் பரிந்துரை. மணல் மைதானத்தில் எழுவர் ஆட்டம்தான் இங்கே அதிகம் நடந்தது. அதை ஒதுக்கினால் பாதி வரலாறு போய்விடும்.

பயிற்சியாளர், நடுவர், பந்துக்கும் பயணத்துக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் ஆகியோருக்குத் தனிப் பிரிவு வையுங்கள். பணம் கொடுத்தவருக்கு அந்தப் பிரிவும் கூடாது. நன்கொடையாளர் பலகை வேறு சுவரில் இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுத்தால் மற்ற எல்லா விதியும் வெறும் காகிதமாகிவிடும். தெருவுக்கு ஒருவர், சமுதாயத்துக்கு ஒருவர் என்று பங்கு பிரிப்பதும் அப்படித்தான். பங்கில் வந்தவர் என்ற பேச்சு, உண்மையிலேயே தகுதியுள்ள ஆட்டக்காரருக்குத்தான் அவமானம்.

பெண்கள் அணி இருந்திருந்தால் அதே விதி, அதே சுவர். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 1921-ல் தன் உறுப்பு அணிகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அந்தத் தடைக் காலத்திலும் ஆடிய இடது விங்கர் லில்லி பார், 2002-ன் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றார். ஆதாரம் குறைவு என்று பெண்களைத் தள்ளிவிடாமல் பள்ளி விளையாட்டுப் பதிவேடுகளில் தேடினால் கிடைக்கும்.

தேர்வுக்குழு

பேக்கர்ஸ் புகழ்க்கூடத்தை நடத்துவது அணி நிர்வாகம் அல்ல, லாப நோக்கமில்லாத தனி அமைப்பு. அதே பிரிவு இங்கும் வேண்டும். மன்றத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் தேர்வுக்குழுவில் இருக்கக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் தனிச் சங்கமாகப் பதிவதற்கு 7 பேர் இருந்தால் போதும். பதியாமல் துணைக்குழுவாகவும் தொடங்கலாம். ஆனால் கணக்கும் தீர்மானப் புத்தகமும் தனியாக இருக்கட்டும்.

ஒன்பது பேர் நல்ல எண்ணிக்கை. பழைய ஆட்டக்காரர் மூவர், எதிரணியில் ஆடிய வெளியூர்க்காரர் இருவர், ஒரு நடுவர், ஒரு உடற்கல்வி ஆசிரியர், முப்பத்தைந்து வயதுக்குக் கீழே ஒருவர், ஆட்டம் தெரிந்த ஒரு பெண். எதிரணிக்காரர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒரு பேக் (தடுப்பாட்டக்காரர்) எவ்வளவு கடினமானவர் என்பது அவரை எதிர்த்து ஓடியவருக்குத்தான் தெரியும்.

வாக்கு ரகசியமானது. கான்டனில் இருப்பது போல 80 சதவீதம் வையுங்கள்: ஒன்பது பேரில் 7.2 என்று வருவதால் 8 வாக்கு தேவை. உறவினர் பெயர் வரும்போது அந்த உறுப்பினர் வெளியே போக வேண்டும். அப்போது எட்டு பேரில் 7 வாக்கு. இந்தக் கணக்கை விதியிலேயே எழுதிவிடுங்கள், அன்றைக்கு உட்கார்ந்து பின்னம் போட்டால் சண்டைதான். தேர்வானவர் பெயரை மட்டும் அறிவியுங்கள். தேறாதவர் எத்தனை வாக்கு வாங்கினார் என்பது வெளியே போகக் கூடாது. அவரை இரண்டு ஆண்டு கழித்து மறுபடி முன்மொழியலாம்.

முதல் ஆண்டு ஐந்து பேர், பிறகு ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று. முதல் ஆண்டே முப்பது பெயரைச் செதுக்கிவிட்டால் நாலாவது ஆண்டு விழாவுக்கு ஆள் வராது.

ஆதாரம் திரட்டுவது

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒரு பெயருக்குத் தனித்தனியான இரண்டு ஆதாரம், அதில் ஒன்றாவது எழுத்தாகவோ படமாகவோ இருக்க வேண்டும் என்பது அடிப்படை. அண்ணனும் தம்பியும் ஒரே கதையைச் சொன்னால் அது ஒரு ஆதாரம்தான்.

தேட வேண்டிய இடங்கள்: வீட்டில் இருக்கும் டோர்னமெண்ட் சான்றிதழ்கள், பழைய நோட்டீஸ்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், மாவட்டக் கால்பந்துக் கழகத்துக்குக் கொடுத்த அணிப் பட்டியல்கள், பழைய ஸ்டூடியோக்களின் நெகட்டிவ் பெட்டிகள். கோயில், தேவாலய, ஜமாத் விழாக் கணக்குப் புத்தகங்களை யாரும் நினைப்பதில்லை. பரிசுத் தொகை கொடுத்த வரியில் ஆண்டும் அணியின் பெயரும் இருக்கும். பத்திரிகைச் செய்திக்குத் தேதி தெரிந்தால் சென்னை கன்னிமாரா நூலகத்தில் பழைய தொகுப்பைப் பார்க்கலாம். தேதி தெரியாமல் போனால் நாள் முழுக்கப் புரட்டினாலும் கிடைக்காது.

தேதியைப் பெரியவர்களிடம் நேராகக் கேட்டால் கிடைக்காது. "எந்த வருஷம்?" என்றால் தோராயமாக ஒன்றைச் சொல்வார்கள், பிறகு அதையே உறுதியாக நம்பத் தொடங்குவார்கள். "காக்கா (அண்ணன்), அந்த மேட்ச் புயலுக்கு முன்னயா பின்னயா?", "அண்ணே, ராமேஸ்வரத்துக்கு பஸ்ல போனீங்களா, ரயில்ல போனீங்களா?" என்று கேளுங்கள். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபர். அதற்கு முன்னால் பஸ் தீவுக்குள் வந்திருக்க முடியாது. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர், சுனாமி 2004 டிசம்பர். இப்படி இரண்டு பக்கமும் அணை கட்டினால் ஆண்டு தானாக நெருங்கி வரும்.

மாவட்டப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. 1985-க்கு முன்னால் இப்போதைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களும் ராமநாதபுரத்தில்தான் இருந்தன. ஆகவே 1979-ஆம் ஆண்டின் 'ராமநாதபுரம் மாவட்ட அணி' என்றால் காரைக்குடிக்காரரும் சிவகாசிக்காரரும் இருப்பார்கள். பெயரைப் பார்த்ததும் நம்மூர்க்காரர் என்று முடிவுகட்டாதீர்கள். முனியசாமி, அந்தோணி, சாகுல் ஹமீது என்ற பெயரில் ஒரே அணியில் இருவர் இருப்பது சாதாரணம். தந்தை பெயரும் ஆடிய இடமும் சேர்ந்தால்தான் ஆள் உறுதியாவார். பட்டப்பெயரையும் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள், எதிரணிக்காரர்களுக்கு அது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

புயலுக்கு முந்திய ஆட்டங்களுக்கு ராமேஸ்வரம் தீவுப் பக்கம் காகிதம் கிடைப்பது அரிது. அந்தக் காலத்துக்கு மட்டும் விதியைத் தளர்த்தி, வெவ்வேறு அணிகளில் ஆடிய மூன்று பேரின் தனித்தனி வாக்குமூலம் போதும் என்று வையுங்கள், அதில் ஒருவர் எதிரணியாக இருக்கட்டும். அன்று இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். முதல் வாரமே அவர்கள் வீட்டுக்குப் போங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கடலுக்குப் போகிறவர்களைச் சந்திக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் வசதி. விசைப்படகுக்காரர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டும் படகைப் பழுது பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். கரையிலேயே பதிவு செய்யாதீர்கள், காற்று மைக்கில் அடித்து ஒரு வார்த்தையும் புரியாது. வீட்டுக்குள், ஃபேனை அணைத்துவிட்டு, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் துணி மேல் வையுங்கள். கோல் எண்ணிக்கையில் ஆரம்பிக்க வேண்டாம். பழைய குரூப் போட்டோவைக் கையில் கொடுத்து, "இடது பக்கத்துல இருந்து யாரு யாருண்ணு சொல்லுங்கண்ணே" என்று கேட்டால் போதும், மற்றதை அவரே எடுத்துக் கொடுப்பார். அதே படத்தை வேறு இருவரிடமும் தனியாகக் காட்டிப் பெயர்களை ஒப்பிடுங்கள்.

படங்களும் பொருள்களும்

எதை வாங்கினாலும் இரண்டு பிரதியில் ஒரு படிவம்: கொடுத்தவர் பெயர், பொருள், நன்கொடையா இரவலா, இரவல் என்றால் எப்போது திருப்பித் தர வேண்டும், படத்தை வெளியிடச் சம்மதமா. ஒன்றை வீட்டாரிடம் கொடுங்கள். இரவல் என்று வாய்வார்த்தையாக வாங்கிய மெடல், கொடுத்தவர் இறந்தபின் அவர் பிள்ளைகளுக்கிடையே வழக்காக வரும். பதிவேட்டில் ஆண்டும் வரிசை எண்ணும் (2025-001 என்பது போல) போட்டு, அதே எண்ணைப் பருத்தி நூலில் கட்டிய அட்டையில் எழுதுங்கள். படத்தின் பின்புறம் என்றால் ஓரத்தில் மென்மையான பென்சிலால் மட்டும். பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கம் ஊறித் தெரியும்.

ஸ்கேன் செய்யும் வரிசையில் 1970, 80-களின் கலர்ப் படங்கள் முதலில் வர வேண்டும். அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகள் ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் சாயம் போய்ச் சிவப்பேறும். அதைவிடப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் காத்திருக்கும். அஞ்சலட்டை அளவுக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200, கோப்பு டிஃப் (TIFF) வடிவில். மூன்று பிரதி: ஒன்று மன்றத்தில், ஒன்று வேறு ஊரில் ஒருவர் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். புயல் அடிக்கும் கரையில் மூன்றையும் ஒரே தெருவில் வைப்பது பிரதியே இல்லாததற்குச் சமம். வளைகுடாவில் இருப்பவர்களிடம் படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருங்கி வந்து பெயர்ப்பலகை அளவுக்குக்கூடத் தேறாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். லேமினேஷன் கூடவே கூடாது. செலோடேப்பும் அப்படித்தான், அதன் பசை மஞ்சளாகிப் படத்துக்குள் இறங்கும்.

இனி உப்பு. இந்தக் கரையில் பொருளைக் கெடுப்பது பழமையைவிட உப்புக்காற்றுதான். அது ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். பித்தளைக் கோப்பையில் வெளிர்பச்சைப் பொடி கிளம்பினால் அதைச் சாதாரணக் களிம்பு என்று விட்டுவிடாதீர்கள். உப்பின் குளோரைடு செம்புக்குள் இறங்கி அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கோப்பையைத் தனியே பிரித்து, உலர்ந்த பெட்டியில் வையுங்கள். விழாவுக்கு முந்திய நாள் புளி போட்டுத் தேய்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். டோர்னமெண்ட் கோப்பைகளில் பெரும்பாலானவை மேலே மெல்லிய பூச்சு உள்ளவை. புளியும் பற்பசையும் இரண்டு மூன்று தடவையில் அந்தப் பூச்சையும், அதோடு பொறித்த எழுத்தையும் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு சொட்டு மிதமான சோப்பு, மெல்லிய பருத்தித் துணி, உடனே முழுக்க உலர்த்தல், அவ்வளவுதான். எடுக்கும்போது பருத்திக் கையுறை போடுங்கள், வியர்வையும் உப்புதான்.

ஜெர்சியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, துவைத்த பழைய வேட்டித் துணியை உள்மடிப்பில் வைத்துத் தட்டையாக வையுங்கள். கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுபட்டுத் துருக்கறையும் ஏறும். பாலியஸ்டருக்குப் பூச்சி வராது, நாப்தலீன் உருண்டை தேவையில்லை. பழைய தோல் பூட்டுக்கு எண்ணெயும் பாலிஷும் வேண்டாம். உள்ளே துணி அடைத்து வடிவத்தைக் காப்பாற்றினால் போதும். பின்னால் வந்த பூட்டுகளில் பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் தானாகவே நொறுங்கும், அதைத் தடுக்க வழியில்லை. அதனால் வந்த உடனே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவிடுங்கள்.

மழைக்காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை பூஞ்சைக் காலம். காற்றின் ஈரம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் படத்திலும் துணியிலும் பூக்கும். சிறிய ஈரமானி ஒன்று வாங்கி அறையில் வையுங்கள். படங்களை மூடி இறுகும் 50 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, கால் கிலோ ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வைக்கலாம். கரும்பச்சையானால் அது ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும்.

சுவர், பலகை, வாசகம்

கடலைப் பார்த்த சுவரையும் மேற்கு வெயில் படும் சுவரையும் தவிருங்கள். பழைய சுவரில் உப்புப் பூத்திருந்தால் படச்சட்டத்தை நேரடியாக ஒட்டவே கூடாது. இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டினால் பின்னால் காற்று ஓடும். மர அலமாரிக்குக் கால் வைத்துத் தரையிலிருந்து அரை அடி உயர்த்துங்கள், கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.

பெயர்ப் பலகைக்கு மெருகேற்றிய கறுப்பு கிரானைட் நல்லது. எழுத்தில் பூசிய நிறம் மங்கினால் மறுபடி பூசலாம். ஸ்டீல் என்றால் 316 தரம் கேளுங்கள், மாலிப்டினம் கலந்தது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 304 தரம் கடலோரத்தில் சீக்கிரமே டீக்கறை போலத் துருப்புள்ளி காட்டும். திருகாணியும் அதே 316 ஆக இருக்க வேண்டும். நல்ல தகட்டை இரும்பு ஆணியால் அடித்து, ஆணி துருப்பிடித்து வழிந்து பெயரின் மேல் கோடு விழுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. எல்லாப் பெயரையும் ஒரே கல்லில் செதுக்காமல் ஆளுக்கொரு தகடு, நாலு திருகாணி என்று வையுங்கள்.

வாசகத்தில் 'புயல்', 'சிங்கம்', 'ஈடு இணையற்ற' எதுவும் வேண்டாம். பெயர், பட்டப்பெயர், ஆடிய இடம், அணியில் இருந்த ஆண்டுகள், பிறகு ஒரே ஒரு செய்தி. தஞ்சாவூரில் பிறந்த சைமன் சுந்தரராஜுக்கு ஒருவர் பலகை எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணிக்காக ஆடினார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக ஆடியது அங்கேதான்." இதற்கு மேல் ஒரு புகழ்மொழியும் தேவைப்படாது. ஆதாரத்தில் இல்லாத எண் எதுவும் பலகையில் ஏறக் கூடாது. 'நூற்றுக்கும் மேற்பட்ட கோல்கள்' என்று வீட்டார் சொன்னால் அதைக் கோப்பில் வையுங்கள், கல்லில் வேண்டாம்.

விழாவை மே மாதத்தில், டோர்னமெண்ட் இறுதிப்போட்டிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்குள் முடியுங்கள். மைதானத்தில் கூட்டம் இருக்கும், தடைக்காலம் என்பதால் படகுக்காரர்களும் ஊரில் இருப்பார்கள். தகட்டைத் திறப்பவர் ஆட்டக்காரரின் பழைய கேப்டனாகவோ எதிரணி ஆட்டக்காரராகவோ இருந்தால் நல்லது. மறைந்தவர் என்றால் குடும்பத்தாரை முன்கூட்டியே வீட்டில் போய் அழைத்து, வாசகத்தை அவர்களிடம் படித்துக் காட்டிவிடுங்கள். இனிஷியல் தவறு அங்கேதான் பிடிபடும்.

பராமரிப்புக்கு இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். மாதம் ஒருமுறை தகடுகளை நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். போர்த் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களில் குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். செப்டம்பர் கடைசியில் சிலிக்கா ஜெல், பெட்டி மூடி, கூரை ஒழுகல் மூன்றையும் பாருங்கள். ஜனவரியில் எல்லாப் பெட்டியையும் திறந்து பூஞ்சை பாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் எதை முதலில் தூக்க வேண்டும் என்ற பட்டியல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும்: பதிவேடு, படப் பெட்டி, மெடல்கள், பிறகு கோப்பைகள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் திறந்த பிறகு யாராவது வந்து "அந்த மேட்ச் எண்பத்திரண்டு இல்ல தம்பி, எண்பத்துமூணு" என்பார். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் பதிவேட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆதாரம் வந்தால் தேர்வுக்குழு அடுத்த கூட்டத்தில் பார்த்து, அந்த ஒரு தகட்டை மட்டும் கழற்றி மாற்றலாம். பழைய தகட்டையும் எண் போட்டுப் பெட்டியில் வையுங்கள், எதனால் மாற்றியது என்ற குறிப்போடு.